திராட்சைத் தோட்டத்து வண்டிப்பாதை – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிரான்ஸில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் ஓட்டியதைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். எனக்கு ஊர் கம்பம். அப்பா காலத்திலிருந்து பந்தல் போட்டுத் திராட்சை வளர்க்கிறோம், அதனால் தோட்டம் எனக்குப் புதிதல்ல. 'அரை நாள் ஓட்டினேன், ஒரு காரைக்கூடப் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் புதிது. இங்கே விடிகாலை ஐந்து மணிக்கு சைக்கிளை எடுத்தாலும் குமுளி பஸ் காதோரம் உரசிக்கொண்டு போகிறது.

மகன் லியோனில் வேலை பார்க்கிறான். அடுத்த ஆண்டு அவனிடம் போகிறோம். எனக்கு வயது 58, முழங்கால் சுமார்தான், ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் தாங்கும். அந்தப் பாதைகளில் நிஜமாகவே வண்டி வராதா? ஏற்றம் எப்படி? சைக்கிள்காரனுக்காக ஒரு அரசாங்கம் இவ்வளவு செலவு செய்யுமா என்றும் ஒரு சந்தேகம். கடைசியாக ஒன்று, சிரிக்கக் கூடாது. வழியில் ஒரு கொத்து பறித்துத் தின்னலாமா?

ர.
கம்பம்

அன்புள்ள ர.,

சிரிக்கவில்லை. அந்தக் கடைசிக் கேள்விக்குப் பின்னால் நல்ல கதை ஒன்று இருக்கிறது. பிறகு வருகிறேன்.

முதலில் என் கட்டுரைக்கு ஒரு திருத்தம். கார் வரவில்லை என்றது உண்மை. டிராக்டர் வந்ததை எழுதாமல் விட்டுவிட்டேன். பர்கண்டி என்ற ஒயின் பிரதேசத்தில் போன் (உச்சரிப்பு அப்படித்தான், நான் என்ன செய்ய?) என்ற ஊரிலிருந்து சாந்த்னே வரை சுமார் 22 கிலோமீட்டர் போகும் பாதை அது. பொம்மார், வோல்னே, மெர்சோ, புலினி-மோன்ராஷே என்று ஒயின் பாட்டிலின் லேபிளில் மட்டுமே பார்த்த பெயர்கள் ஊர்ப்பலகைகளாக வரும். மெர்சோவுக்குச் சற்று முன்னால், கான்கிரீட் பாதையின் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் சத்தம். திரும்பினால் ஒரு விநோத வண்டி. கொடி வரிசையைத் தன் வயிற்றுக்கு அடியில் விட்டு, இரண்டு பக்கமும் கால் பரப்பி நடக்கிற டிராக்டர். ஓட்டுபவர் என் தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பக்கமும் மடக்கி வைத்த மருந்துத் தெளிப்பான் குழாய்கள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு புல்லில் ஏறி நின்றேன். அவர் கைப்பிடியிலிருந்து இரண்டு விரலை மட்டும் உயர்த்திவிட்டுப் போனார். அது நன்றியா, 'வழியில் நிற்காதே' என்பதா, இன்றுவரை தெரியவில்லை. வண்டி போன பிறகு பாதை முழுக்க டயர் உதிர்த்த செம்மண் கட்டிகள். மழை பெய்திருந்தால் என் ஒல்லி டயர் அதில் வழுக்கியிருக்கும்.

உங்கள் செலவுக் கேள்விக்கு அந்த டிராக்டர்தான் பதில். அந்தப் பாதையின் பெரும்பகுதி சைக்கிளுக்காகப் போட்டதே அல்ல, தோட்டத்து வண்டிப்பாதை. பிரெஞ்சுப் புரட்சியில் மடங்களின் தோட்டங்கள் பறிமுதலாகி ஏலம் போயின. அப்புறம் நெப்போலியன் காலத்துச் சட்டம், சொத்தைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்கச் சொன்னது. நம்மூர் பாகப்பிரிவினை என்றே வைத்துக்கொள்ளுங்கள். போனுக்கு வடக்கே க்ளோ த வூஜோ என்று சுற்றுச்சுவர் கட்டிய தோட்டம் ஒன்று, சுமார் 50 ஹெக்டேர். இன்று அதற்கு எண்பது பேர் அளவில் சொந்தக்காரர்கள். இப்படித் துண்டு துண்டாகிப்போன சரிவில் ஒவ்வொருவரும் தன் நாலு வரிசைக்கு வண்டி கொண்டுபோக வேண்டுமல்லவா? அதனால் சரிவெங்கும் குறுக்கும் நெடுக்குமாகப் பாதைகள். அவற்றில் சிலவற்றைக் கோத்து, திரும்பும் இடங்களில் சின்னப் பலகை நட்டு, சைக்கிள் வழி என்று பெயர் வைத்தார்கள். நான் ஏதோ அரசாங்கம் நமக்காகப் பாய் விரித்த மாதிரி எழுதிவிட்டேன். அது தப்பு. வேலை நடக்கிற இடத்தில் நம்மை விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். செப்டம்பரில் அறுவடைக்கு ஆள் ஏற்றிய வேன்களும் டிரெய்லர்களும் அதே பாதையில் நெருக்கும். அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

வண்டியே வராத பாதையும் உண்டு. அதுவும் சைக்கிளுக்காக வெட்டியதல்ல, செத்துப்போன ரயில் பாதை. பர்கண்டியின் தென்பகுதியில் ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர். தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டு 1997-இல் திறந்தார்கள். பிரான்ஸ் முழுக்க இன்று 'பசுமை வழி' என்ற பெயரில் இருக்கும் பாதைகளுக்கு இதுதான் முன்னோடி. இவற்றில் மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை. நடப்பவர், சைக்கிள், குதிரை, இவ்வளவே. ரயிலுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது என்பதால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, வளைவை நீட்டி வைத்திருப்பார்கள். நூறு வருடத்துக்கும் முன்பு எஞ்சினுக்காகப் பட்ட பாடு உங்கள் முழங்காலுக்கு வந்து சேர்கிறது. க்ளூனியைத் தாண்டி மாக்கோன் பக்கம் போனால் 1.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்று. குளிர்காலத்தில் அதை மூடிவிடுவார்கள், வௌவால்கள் தூங்குவதற்காக.

ஆனால் ஒரு குறை. ரயில் பள்ளத்தாக்கில் போகும், திராட்சை சரிவில் நிற்கும். ஜிவ்ரி, புய்க்ஸி வரை கொடிகள் கண்ணில் படுகின்றன. அப்புறம் மேய்ச்சல் நிலமும் வெள்ளை ஷரொலே மாடுகளும்தான். இன்னொரு ஒயின் பிரதேசமான போர்டோ பக்கத்துப் பழைய ரயில் பாதையும் அப்படியே. லாத்ரேனில் தொடங்கி க்ரேயோன் வழியாக சோவ்தேர் வரை ஐம்பது கிலோமீட்டர் அளவில். தொடக்கத்தில் மரநிழல்தான் அதிகம். திராட்சை பார்க்கப் போனவர் மரம் பார்த்துவிட்டு வருவார்.

அந்தப் பாதைக்கு ரோஜே லாபெபியின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1937-இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியை வென்றவர். சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கியரை அந்த ஆண்டுதான் போட்டியில் அனுமதித்தார்கள். போட்டியை நிறுவிய ஆன்ரி தெக்ராஞ்ச், கியர் எல்லாம் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு என்று எழுதியவர். அந்தக் கணக்கில் உங்களுக்கும் எனக்கும் எப்போதோ அனுமதி கிடைத்துவிட்டது. 1937 போட்டியில் போர்டோ நோக்கி வரும்போது லாபெபி ஒரு ரயில்வே கேட்டைக் கடந்துவிட்டார். பின்னால் துரத்தி வந்த பெல்ஜியத்தின் சில்வேர் மாஸ் வருவதற்குள் கேட்டை மூடிவிட்டார்கள். போதாததற்கு, அணியில் இல்லாத பெல்ஜியக்காரர்கள் உதவினார்கள் என்று மாஸுக்கு 15 விநாடி தண்டனை. முன்னணியில் இருப்பவருக்குத் தரும் மஞ்சள் சட்டை உடம்பில் இருக்கும்போதே மாஸும் அவர் அணியும் கோபித்துக்கொண்டு போட்டியை விட்டுப் போய்விட்டார்கள். ரயில்வே கேட்டின் புண்ணியத்தையும் சேர்த்துக்கொண்டு ஜெயித்தவர் பெயரை ஒரு ரயில் பாதைக்கு வைத்தது யாருடைய குறும்போ.

சரி, உங்கள் முழங்காலுக்கு வருவோம். லியோனிலிருந்து போனுக்கு உள்ளூர் ரயில் இருக்கிறது. ஒரு நாள் அங்கே இறங்கி மெர்சோ வரை போய்த் திரும்புங்கள், இருபது கிலோமீட்டர் அளவில்தான் வரும். இன்னொரு நாள் புய்க்ஸி பக்கத்து ரயில் பாதை. முதல் நாள் சின்னச் சின்ன ஏற்றங்கள் உண்டு, ஆனால் அவற்றைத் தவிர்க்காதீர்கள். அந்த ஏற்றம்தான் ஒயினின் விலைப்பட்டியல். கீழே நெடுஞ்சாலையோரத்துச் சமதளத்தில் பெரும்பாலும் சாதாரண ஒயின், கொஞ்சம் மேலே ஊர்ப் பெயர் போட்டது, சரிவின் நடுவில் உச்ச விலைக்காரன். புலினியில் மோன்ராஷே தோட்டத்துக்கும் பத்தார்-மோன்ராஷேவுக்கும் நடுவே ஒரு சின்ன ரோடுதான். மேல்பக்கம் மோன்ராஷே, மொத்தமே 8 ஹெக்டேர், நம் கணக்கில் 20 ஏக்கர். அங்கே நின்று கொடியைப் பார்த்தால் உங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். பந்தல் இல்லை. இடுப்பளவு உயரம், வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர், ஹெக்டேருக்குப் பத்தாயிரம் செடி. 'இதையா இப்படிக் கவாத்து பண்ணி வைத்திருக்கிறார்கள்' என்று கேட்பீர்கள். ருசி பார்க்கும் கடையில் நிறுத்தினால் வாயில் வைத்துத் துப்பிவிடுங்கள், அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு அங்கே சைக்கிளுக்கும் உண்டு. வாடகை சைக்கிளை எடுக்கும்போது பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. வோல்னேயிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தேன்.

இனி அந்தக் கொத்து. போர்டோவுக்கு வடக்கே மெதோக் பகுதியில், சான்-ழுலியான் என்ற ஊர். 1882 அக்டோபர். போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு போகிறார். அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோயில் எல்லா இடத்திலும் இலை கொட்டிவிட்டது. ரோட்டோர வரிசைகளில் மட்டும் இலை நிற்கிறது, அதன்மேல் நீலப் பூச்சு. விசாரித்தால், வழிப்போக்கர்கள் பழம் பறித்துத் தின்பதைத் தடுக்க, விஷம் என்று பயப்படட்டும் என்று, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்திருக்கிறார்கள். மில்லார்தே அதை வைத்துச் சோதித்துப் பார்த்து 1885-இல் வெளியிட்டார். நீங்களும் உங்கள் அப்பாவும் அடித்திருக்கக்கூடிய போர்டோ கலவை அதுதான். ரோட்டில் போகிறவன் கைவைக்கக் கூடாது என்று தெளித்தது, நோய்க்கு மருந்தாகிவிட்டது.

ஆகவே, பறிக்க வேண்டாம். தவிர, நான் பார்த்த அந்த டிராக்டர் மருந்தடித்துவிட்டு வந்ததா, அடிக்கப் போனதா என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஒன்று மட்டும் எழுதுங்கள்: உங்கள் தோட்டத்தில் ரோட்டை ஒட்டிய பந்தலுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?