கீழ் வீட்டுக்குக் கேட்கப்போவது டிரம்ஸ் அல்ல, பெடல்!

கேள்வி: கல்லூரிக் காலத்தில் டிரம்ஸ் வாசித்தேன். 15 வருட இடைவெளிக்குப் பிறகு திரும்பவும் ஆசை. பழைய டிரம் செட் ஊரில், அப்பா வீட்டில் இருக்கிறது. நான் இருப்பது மூன்றாவது மாடி ஃபிளாட். பழைய செட்டை விற்றுவிட்டு எலெக்ட்ரானிக் செட் வாங்கி, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாசித்தால் யாருக்கும் தொந்தரவு இருக்காதுதானே?
- வாசகர், கோவை

பதில்: பக்கத்து வீட்டுக்கு அநேகமாக இருக்காது. கீழ் வீட்டுக்கு இருக்கும். கிக் பேடில் (காலால் வாசிக்கும் பேடு) பெடலின் சுத்தியான பீட்டர் மோதும் ஒவ்வோர் அடியும் ஸ்டாண்டு வழியாக நேரே தரைக்குள் இறங்கும். கீழே இருப்பவருக்கு, மேலே யாரோ உலக்கை போடுவதுபோலக் கேட்கும். கம்பளம் செட் வழுக்காமல் இருக்கத்தான் உதவும். அதிர்வுக்கு அது போதாது.

அதற்கு ஒரு மேடை செய்துகொள்ளுங்கள். செட் முழுவதும் அடங்கும் அளவில் 18 மி.மீ. பிளைவுட் இரண்டு, நடுவே டென்னிஸ் பந்துகள். பந்து உருளாதபடி இரண்டு பலகையிலும் ஏறக்குறைய 5 செ.மீ. வட்ட ஓட்டை போடச் சொல்லுங்கள். கிக் பேடும் நீங்கள் உட்காரும் ஸ்டூலும் வரும் இடத்தில் பந்துகள் நெருக்கமாக இருக்கட்டும். ஸ்டூலைத் தரையில் வைத்தால் உயரம் ஒத்துவராது, அதுவும் மேடைமேல்தான். மேல் பலகை சுவரைத் தொடக்கூடாது; இரண்டையும் ஆணியால் இணைத்தால் செய்த வேலை வீண்.

செட்டில், டாம் பேடுகள் (மற்ற டிரம்களுக்கானவை) சிறிதாக இருந்தால் பரவாயில்லை. ஸ்னேர், அதாவது கைக்கு நேர்முன் இருக்கும் முக்கிய டிரம், 10 அங்குல மெஷ்ஷாக (வலைத்துணிப் பரப்பாக) இருக்கட்டும். பழைய 14 அங்குல ஸ்னேரில் பழகிய கை 8 அங்குலத்தில் அடிக்கடி ரிம்மில் (ஓர வளையத்தில்) போய் விழும். பீட்டர் இல்லாத கிக் பெடல் சத்தம் குறைவுதான், ஆனால் கால் பழக்கம் கெடும் என்பதால் எங்கள் ஓட்டு பீட்டர் மோதும் பேடுக்கே. மரமுனைக் குச்சி சிலும்பினால் மெஷ்ஷைக் கிழிக்கும், நைலான் முனை வாங்குங்கள். ஹெட்ஃபோன் வயர் உள்ளதாக, காதை மூடுவதாக இருக்கவேண்டும். ப்ளூடூத்தில் அடி ஒரு நேரம், ஒலி ஒரு நேரம். மாட்யூலில் (ஒலியை உண்டாக்கும் பெட்டி) ப்ளூடூத் இருந்தால் அது பெரும்பாலும் போனிலிருந்து பாட்டைக் கொண்டுவரத்தான்.

திரும்பி வருபவர்கள் பலர் சலித்துப்போவது செட்டை வாங்கி மாட்டிய பிறகுதான். மெல்லிய அடிகள் கேட்பதில்லை, "இது பொம்மை" என்று மூடிவைத்துவிடுகிறார்கள். முதலில் ஹை-ஹேட்டை (காலால் திறந்து மூடும் சிம்பல்) மாட்யூலில் கேலிபிரேட் செய்யுங்கள், அதாவது அதன் திறப்பு மூடலை மாட்யூலுக்குச் சரியாகப் பழக்குங்கள். பிறகு ஸ்னேரின் த்ரெஷோல்டை (எவ்வளவு மெல்லிய அடிவரை ஒலிக்கவேண்டும் என்ற அளவு), உங்கள் மிக மெல்லிய அடி ஒலிக்கும்வரை இறக்குங்கள். ஓர் அடிக்கு இரண்டு ஒலி வந்தால் மெஷ் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து, எதிரெதிர் திருகுகளாக முறுக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மட்டும், இந்த இரட்டை ஒலியைத் தடுக்கும் ரீட்ரிகர் அளவைக் கூட்டலாம். அதிகம் கூட்டினால் ரோலில் (விடாமல் வேகமாக அடிப்பதில்) அடிகள் காணாமல் போகும். டாமை அடிக்கும்போது சிம்பல் ஒலித்தால் முதலில் பேடுகளை ஸ்டாண்டில் பிடித்திருக்கும் கிளாம்ப்பை இறுக்குங்கள், அதன்பின் தானாக ஒலிக்கும் அந்த சிம்பலுக்கு, பக்கத்துப் பேடின் அதிர்வைக் கண்டுகொள்ளாமல் விடவைக்கும் க்ராஸ்டாக் அளவைக் கூட்டுங்கள்.

பழைய செட்டை விற்காதீர்கள். மெஷ்ஷில் குச்சி தோலைவிட அதிகம் எகிறும். அதிலேயே பழகினால் நிஜ டிரம்மில் ரோல் கனக்கும். அதன் ஸ்னேரை மட்டுமாவது ஃபிளாட்டுக்குக் கொண்டுவந்து, மேலே ரப்பர் மியூட் போட்டு, தினமும் பத்து நிமிடம் அதில் கையைப் பழக்குங்கள்.