கழுவியதும் முளைத்த கோடுகள்

தொலைநோக்கிக்காக நீங்களே தேய்த்து மெருகேற்றிய ஆடியைக் கழுவியதும் கோடுகள் தெரிகின்றன என்று கேட்டிருந்தீர்கள். அவை புதிய கீறல்கள் அல்ல. உங்கள் 6 அங்குல ஆடியில் முன்பே இருந்த விரிசல்களை மெருகு மூடி வைத்திருந்தது. கழுவியதும் வாய் திறந்துவிட்டன.

பெரும்பாலும் 80ஆம் எண் கார்போரண்டம் (கண்ணாடியைத் தேய்க்கும் கரடுமுரடான பொடி) விட்ட குழிகள் தீருமுன்பே அடுத்த, நுண்ணிய பொடிக்குத் தாவியிருப்பீர்கள். வேலூர் வெயிலில் இளகிய பிட்ச்சை, அதாவது மெருகேற்றப் பயன்படும் தார் போன்ற பிசினை, குறை சொல்லாதீர்கள். அது ஆடியின் விளிம்பைத்தான் சரியவைக்கும்.

விரிசல்தானா என்று பார்க்க, ஆடியை நுண்ணோக்கியில் வைத்து அதன் விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் தாழ்வாக டார்ச் அடியுங்கள். கருமையில் வெண்புள்ளிகள் மின்னும். முதலில் மேலே கிடக்கும் ஒரு தூசியைக் குவியத்தில் பிடித்து, பிறகு குவியத்தை மெல்லக் கீழே இறக்குங்கள். தூசி மங்கியபின் தெளிகிற புள்ளிதான் உள்காயம்.

எதுவும் மின்னவில்லை என்றாலும் நம்பிவிடாதீர்கள். இறுக மூடிய விரிசல் ஒளியைச் சிதறடிக்காது. ஆய்வகத்தில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அரித்துப் பார்ப்பார்கள். வீட்டில் அதைத் தொடவே வேண்டாம், எலும்புவரை இறங்கும்.