பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 1991ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர், அதாவது மஸ்டா எம்எக்ஸ்-5. 1.6 லிட்டர், ஐந்து கியர். ரிம் வெளியில் வாங்கிய 15 அங்குலம், டயர் 195/50. 95 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கி 105இல் உச்சத்துக்குப் போகிறது, 110ஐ நெருங்கினால் அடங்குகிறது. இரண்டு முறை பேலன்சிங், மூன்று முறை அலைன்மென்ட் ஆகிவிட்டது. ஒரு பட்டறையில் புரொப்பெல்லர் ஷாஃப்டை (கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்பக்கம் கொண்டுபோகும் தண்டு) மாற்றச் சொல்கிறார்கள், இன்னொன்றில் ஸ்டியரிங் ரேக்கை. எதைச் செய்வது?
– வாசகர், செந்தூல்

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். 105இல் உங்கள் சக்கரம் நொடிக்குச் சுமார் 16 முறை சுற்றுகிறது. பின்சக்கரங்களுக்கு நடுவே உள்ள டிஃபரென்ஷியலின் பல்சக்கர விகிதம் 4.3, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 4.3 முறை சுற்ற வேண்டும் என்பதால், புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதே நொடியில் ஏறக்குறைய 70 முறை சுற்றும். 16 என்பது கை உணரக்கூடிய ஆட்டம். 70 என்பது இருக்கையிலும் தரையிலும் கேட்கும் ரீங்காரம். உங்களுக்குக் கையில் ஆடுகிறது, குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்துபோகிறது. முதல் சந்தேகம் முன்சக்கரத்தின் மேல்தான் விழ வேண்டும்.

இதைச் செலவில்லாமல் உறுதிப்படுத்தலாம். நெடுஞ்சாலை காலியாக இருக்கும் நேரத்தில் ஐந்தாம் கியரில் 105இல் போங்கள், இன்ஜின் நிமிடத்துக்கு 3400 சுற்றுக்கு அருகே இருக்கும். கிளட்சை மிதித்து இன்ஜினின் வேகத்தைத் தணிய விடுங்கள், சாவியை மட்டும் தொடாதீர்கள். நடுக்கம் அப்படியே இருந்தால் இன்ஜினையும் கிளட்சையும் மறந்துவிடலாம். அடுத்து, அதே பக்கத்திலேயே முன்சக்கரத்தைப் பின்னுக்கும் பின்சக்கரத்தை முன்னுக்கும் மாற்றி ஓட்டுங்கள். ஆட்டம் ஸ்டியரிங்கை விட்டு இருக்கைக்கு வந்தால் குற்றவாளி டயர் அல்லது ரிம்.

இந்த வண்டியில் சக்கரத்தைத் தாங்கும் ஹப்புக்குப் பொருந்தும் ரிம் நடுத்துவாரம் 54.1 மில்லிமீட்டர். வெளியில் விற்கும் ரிம்கள் பலவற்றில் அது 67.1 அல்லது 73.1. இடைவெளியை நிரப்பும் சென்டர் ரிங் இல்லாவிட்டால் சக்கரத்தை நட்டுகள் மட்டுமே மையப்படுத்த வேண்டும். ஏர் கன்னால் ஒரு நட்டை முதலில் இறுக்கினால் சக்கரம் அரை மில்லிமீட்டர் ஒருபக்கம் ஒதுங்கி உட்காரும். பேலன்சிங் மெஷினில் பூஜ்யம் காட்டிய சக்கரம் வண்டியில் ஆடுவதற்கு இதுவே அடிக்கடி காரணம். ரிங் போட்டு, ஹப் முகத்தில் உள்ள துருவைச் சுரண்டி, சக்கரம் தரையைத் தொடாதபோதே நட்டுகளைக் குறுக்காகக் கையால் இறுக்குங்கள். பிறகு இறக்கி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் 88 முதல் 118 நியூட்டன் மீட்டருக்குள் முடியுங்கள்.

டயர் கடையில் ஒன்று கேளுங்கள்: பேலன்ஸ் ஆன சக்கரத்தைத் தளர்த்தி, மெஷினிலேயே பாதிச் சுற்று திருப்பி மாட்டி மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். 10 கிராமுக்கு மேல் காட்டினால் சக்கரத்தை மெஷினில் மையப்படுத்தும் கோன் முதலில் சரியாக உட்காரவில்லை, அந்தப் பேலன்சிங் செல்லாது. ஒரு டன்னுக்கும் குறைவான எடை இந்த வண்டிக்கு. கனமான செடான் விழுங்கிவிடும் 10 கிராம் இதில் கைக்கு வந்து சேரும்.

வாரம் முழுக்க நிறுத்தி ஞாயிறன்று மட்டும் எடுக்கிறீர்களா? முதல் 15, 20 கிலோமீட்டரில் அதிகமாகி, டயர் சூடானதும் குறைந்தால் அது தட்டைத் தழும்பு, அதாவது நின்ற இடத்திலேயே டயரின் அடி சப்பையாவது. டயர் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான தேதி: முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. 2617 என்றிருந்தால் அது 2017இன் டயர், அவ்வளவு பழசுக்குப் பேலன்சிங்குக்குக் கொடுத்த காசு வீண், டயரை மாற்றுங்கள்.

இவையெல்லாம் சரியென்றால் மட்டும் ஜேக்கில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும், பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். மேல்கீழ் ஆட்டம் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராட். இவை நடுக்கத்தை உண்டாக்குவதைவிடப் பெரிதாக்கிக் காட்டும். அலைன்மென்ட் மூன்று முறை செய்ததற்குப் பதில் ஒரு செட் ரிங் வாங்கியிருக்கலாம்!

கேள்வி: அதே மாடல் கார். கிளட்ச் மாற்றியதிலிருந்து பினாங்கு பாலத்தில் 80இல் ஆக்சிலரேட்டர் மிதித்தால் தரையில் ‘உம்ம்’ என்று அதிர்கிறது. ஸ்டியரிங் அமைதி.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: உங்களுக்குத்தான் புரொப்பெல்லர் ஷாஃப்ட். ஆனால் ஷாஃப்டே கெட்டிருக்கும் என்று சொல்ல மாட்டேன். இந்த வண்டியில் கியர்பாக்ஸுக்குத் தனி மவுன்ட் கிடையாது. ஒரு நீளமான அலுமினியச் சட்டம் கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் ஒன்றாகப் பிணைக்கிறது. கிளட்ச் வேலைக்கு அதைக் கழற்றியே ஆக வேண்டும். திரும்ப மாட்டும்போது கியர்பாக்ஸ் வால் தாழ்ந்துவிட்டால் ஷாஃப்டின் இருமுனைக் கோணங்கள் பொருந்தாது, அந்த முனைகளில் மடங்கிச் சுற்றும் யுனிவர்சல் ஜாயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை விசையைக் கூட்டிக் குறைக்கும். அதுதான் அந்த ஓசை. வேலை செய்த இடத்திலேயே போல்ட்டுகளைத் தளர்த்தி, சர்வீஸ் மேனுவல் சொல்லும் உயரத்துக்கு ஜேக்கால் கியர்பாக்ஸைத் தாங்கி, மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். ஷாஃப்டைக் கழற்றினார்களா, டிஃபரென்ஷியலில் ஷாஃப்ட் இணையும் தட்டான ஃபிளான்ஜில் பழைய குறிக்கு நேராக மாட்டினார்களா என்றும் கேளுங்கள்.

கேள்வி: அதே மாடல் கார். சிக்னலில் நிற்கும்போது மட்டும் நடுக்கம். ஏர்கோன் போட்டால் மோசம்.
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: சக்கரம் சுற்றாதபோது வருவதால் டயர் பற்றிய பேச்சே வேண்டாம். ஐடில், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், நிமிடத்துக்கு 850 சுற்றுக்கு அருகே நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏர்கோன் போட்டதும் விழுந்துவிட்டால் ஐடில் வால்வைச் சுத்தம் செய்யுங்கள். ஐடில் சரியாக நின்றும் ஆடினால் இரண்டு இன்ஜின் மவுன்ட்டுகளையும் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், ஜோடியாக மாற்றுங்கள்.