வீட்டுக்கு எந்த ஜீரோ டர்ன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வணக்கம். ஜார்ஜியாவில் ஃபோர்சைத் கவுண்டியில் போன வருடம் வீடு வாங்கினோம். மனை 1.8 ஏக்கர். வீடு, கார் பாதை, மரங்கள் போகப் புல் மட்டும் ஒன்றரை ஏக்கர் இருக்கும். பெர்முடா புல். இதுவரை ஆள் வைத்து வெட்டினோம். இனி நாமே வெட்டலாம் என்று ஜீரோ டர்ன் வண்டி பார்க்கப் போனோம். வெட்டும் அகலம் 42, 50, 54 அங்குலம் என்று மூன்று காட்டினார்கள். 54 வாங்கினால் பாதி நேரம் மிச்சம் என்கிறார் விற்பனையாளர். என் கணவருக்கும் அதன்மேல்தான் கண். பின்பக்கம் நிலம் ஒரு சின்ன ஓடையைப் பார்த்துச் சரிகிறது. அங்கே போக வேலியில் ஒரு கதவு உண்டு. 5, 8 வயதில் இரண்டு பிள்ளைகள். எதை வாங்கலாம்?

பதில்: தங்கச்சி, மூன்று வண்டிகளைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த ஓடைச் சரிவைப் பற்றிப் பேச வேண்டும்.

பெரும்பாலான ஜீரோ டர்னில் ஸ்டியரிங் கிடையாது. இரண்டு கைக்கும் இரண்டு லீவர். இடது லீவர் இடது பின்சக்கரத்தை ஓட்டும், வலது லீவர் வலது பின்சக்கரத்தை ஓட்டும். ஒன்றை முன்னேயும் ஒன்றைப் பின்னேயும் தள்ளினால் வண்டி நின்ற இடத்திலேயே சுழலும். முன்சக்கரங்கள் இரண்டும் மளிகைக் கடைத் தள்ளுவண்டியின் சக்கரம் மாதிரி, போகிற போக்கில் தாமாகத் திரும்புபவை. திருப்புவதும் நிறுத்துவதும் முழுக்கப் பின்சக்கரங்கள் கையில். சமதளத்தில் இது அருமையான ஏற்பாடு. சரிவில் பின்சக்கரத்தின் பிடி விட்டுப்போனால் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. ஹஸ்லர் கம்பெனி 1960களில் இந்த வகை வண்டியைச் செய்யத் தொடங்கியது கான்சாஸ் மாநிலத்தில் ஹெஸ்டன் என்ற ஊரில். கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. அந்தப் பூமிக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. நம் பக்கத்துச் செம்மண் மேடுபள்ளம் வேறு.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். வட கரோலினாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மழைநீர் தேங்கும் குட்டை ஒன்று இருக்கிறது. 2016 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, பனி காயும் முன்பே வண்டியை எடுத்துவிட்டேன். மதியம் விருந்தாளிகள் வருகிறார்கள் என்ற அவசரம். குட்டைக் கரையை ஒட்டிக் குறுக்காக ஓட்டும்போது வண்டியின் பின்பக்கம் மெல்லக் கீழே நழுவியது. லீவர் இரண்டையும் பின்னுக்கு இழுத்தேன். சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை. ஈரப் புல்லின் மேல் ஓக் இலைகள் ஒட்டிக்கிடந்தன. அதன்மேல் சோப்பு வழுக்குவது போல, ஒரு சத்தமும் இல்லாமல் பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தது. ஒரு பைன் மரத்தில் டெக்கின் (பிளேடுகளை மூடியிருக்கும் அடித்தட்டு) ஓரம் இடித்து நின்றது. மரத்துக்கும் தண்ணீருக்கும் ஆறடி. பக்கத்து வீட்டுக்காரர் டிரக்கில் சங்கிலி கட்டி வண்டியை மேலே இழுத்தார். மனைவியிடம் அன்றைக்கு முழு விவரமும் சொல்லவில்லை. மறுநாள்தான் அந்த இடத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன்.

அதனால் கடைக்குப் போகும் முன் சரிவை அளந்துவிடுங்கள். நாலடி நீளமுள்ள நேரான பலகை ஒன்று போதும். பலகையின் மேல்முனையைச் சரிவில் ஊன்றி, பலகை மட்டமாகும்வரை கீழ்முனையைத் தூக்குங்கள். மட்டம் பார்க்க செல்ஃபோனில் உள்ள லெவல் போதும். கீழ்முனைக்கும் தரைக்கும் நடுவே எட்டரை அங்குலம் இருந்தால் அது 10 டிகிரிச் சரிவு. 13 அங்குலம் இருந்தால் 15 டிகிரி. பெரும்பாலான கம்பெனிகள் 15 டிகிரிக்கு மேல் ஓட்டாதே என்று கையேட்டில் அச்சடித்திருக்கின்றன, சிலது 10 என்றே சொல்லும். ஐந்தாறு இடத்தில் அளந்து, இருப்பதிலேயே செங்குத்தான அளவைக் கணக்கில் வையுங்கள்.

10க்குக் கீழே இருந்தால் காய்ந்த புல்லில் நிதானமாக ஓட்டலாம். அதைத் தாண்டினால் என் வீட்டில் செய்ததையே உங்களுக்கும் சொல்வேன். ஓடையோரத்துப் பட்டையைப் புல்தரைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். படரும் ஜூனிபரோ லிரியோப்பியோ நட்டு, பைன் சருகு பரப்பினால் இரண்டு மூன்று வருடத்தில் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வீட்டுச் சங்கத்தின் அனுமதி வேண்டுமா என்று மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே புல்தான் வேண்டும் என்றால் அந்தத் துண்டுக்கு மட்டும் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். மனை முழுக்கவே சரிவு என்றால் ஜீரோ டர்ன் ஆசையை விட்டுவிட்டு, ஸ்டியரிங் உள்ள லான் டிராக்டரைப் பாருங்கள். அதில் முன்சக்கரம் நம் கைக்குக் கட்டுப்படும். கப் காடெட் கம்பெனியில் ஸ்டியரிங் வைத்த ஜீரோ டர்னும் உண்டு. முன்சக்கரமும் சேர்ந்து திரும்புவதால் மேட்டில் லீவர் வண்டியைவிட நிதானமாக நிற்கும். ஆனால் எந்த வண்டியானாலும் ஓடைக்கரையை ஒட்டி ஓட்டக் கூடாது.

சரி, இப்போது அகலம். 54 வாங்கினால் பாதி நேரம் மிச்சம் என்பது உண்மையில்லை. டெக்கின் அகலத்தை அங்குலத்தில் எடுத்து, மணிக்கு எத்தனை மைல் வேகமோ அதால் பெருக்கி, 99ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்தில் எத்தனை ஏக்கர் என்று வரும். திருப்பங்களுக்கும் ஒன்றன்மேல் ஒன்று விழும் கோடுகளுக்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். 5 மைல் வேகத்தில் உங்கள் ஒன்றரை ஏக்கருக்கு 42 அங்குல வண்டி 53 நிமிடம் எடுக்கும். 54 அங்குலம் 41 நிமிடம். மிச்சம் 12 நிமிடம். 50க்கும் 54க்கும் நடுவே மூன்றே நிமிடம்தான்.

அந்த 12 நிமிடத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை புல்லில் தெரியும். பெர்முடாவை ஒட்ட வெட்டினால்தான் அழகு. ஒன்றிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் வைப்போம். அந்த உயரத்தில், அலை அலையாக இருக்கும் தரையில் அகலமான டெக்கை ஓட்டினால் மேடான இடத்தில் பிளேடு மண்வரை சுரண்டிவிடும். மொட்டை அடித்த மாதிரி பழுப்புத் திட்டுகள் விழும். டெக்குக்கு அடியில் சின்னச் சின்னச் சக்கரங்கள் வைத்திருப்பது இதைத் தடுக்கத்தான், ஆனாலும் நாலரை அடி அகலத்துக்கு அவை முழுக்கக் காப்பாற்றுவதில்லை. வட கரோலினாவில் என் வீட்டில் ஃபெஸ்க்யூ புல், மூன்று மூன்றரை அங்குலம் விடுகிறேன். அதனால் நான் தப்பித்தேன். உங்களுக்கு அந்த இடைவெளி கிடையாது.

அப்புறம் வேலிக் கதவு. நான் முதல் வண்டியை அளக்காமல் வாங்கினேன். எங்கள் கதவு 48 அங்குலம், வண்டி 54. வேலியில் இரண்டு தூணைப் பிடுங்கி நட வேண்டியதாயிற்று. டெக்கின் அகலம் என்று போட்டிருப்பது வெட்டும் அகலம் மட்டுமே. வெட்டின புல்லை வெளியே தள்ளும் மூடி பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், அதையும் சேர்த்தால் இன்னும் 10 அங்குலத்துக்கு மேல் கூடும். அதை மேலே மடக்கிக் கதவைத் தாண்டலாம், பிளேடு ஓடாதபோது மட்டும். மூடியைக் கழற்றிவிட்டு வெட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கூழாங்கல் அந்த வாய் வழியாகக் கிளம்பினால் கார்க் கண்ணாடியே போகும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த நினைப்பே வேண்டாம்.

கடையில் செய்ய வேண்டியது ஒன்று. இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பதற்கு முன் முழங்கால் போட்டு டெக்கின் அடியைப் பாருங்கள். விலை குறைந்த வண்டிகளில் ஒரே தகட்டைப் பிரஸ்ஸில் அடித்து டெக் செய்திருப்பார்கள். அடுத்த படியில் தடித்த தகடுகளை வெட்டி வெல்டிங் செய்திருப்பார்கள். கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமன்: 10 கேஜ் கிட்டத்தட்ட மூன்றரை மில்லிமீட்டர், 7 கேஜ் நாலரை. மர வேரும் செம்மண் கல்லும் உள்ள மனைக்கு 10 கேஜ் வெல்டிங் டெக் வாங்குங்கள், 7 வரை போக அவசியமில்லை. பிளேடு மாட்டியிருக்கும் தண்டின் தலையில் கிரீஸ் அடிக்க நிப்பிள் இருக்கிறதா பாருங்கள்.

அதைவிட முக்கியமானதை யாரும் காட்ட மாட்டார்கள். பின்சக்கரங்களை ஓட்டும் ஹைட்ரோ டிரான்ஸ்மிஷன். எல்லோரும் எஞ்சின் குதிரைத்திறன் கேட்கிறோம். 50 அங்குலத்துக்கு 22, 23 தாராளம். கவாசாகியின் எஃப்ஆர் வரிசை, கோலரின் 7000 வரிசை எதுவானாலும் எண்ணெய் மாற்றிக்கொண்டே இருந்தால் வீட்டு உபயோகத்துக்கு நெடுநாள் உழைக்கும். டிரான்ஸ்மிஷன் அப்படியில்லை. அடிமட்ட வண்டிகளில் அதற்கு ஃபில்டரே கிடையாது, நாம் எண்ணெய் மாற்றும்படியும் செய்திருக்க மாட்டார்கள். மேட்டு நிலத்தில் நாலைந்து வருடம் ஏறி இறங்கினதும், எண்ணெய் சூடானால் வண்டி ஏறத் தயங்கும். ‘இந்த டிரான்ஸ்மிஷனில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற முடியுமா?’ என்று கேளுங்கள். முடியும் என்றால் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

கடை விஷயத்தில் நான் சூடுபட்டவன். ஒரு பெரிய கடையில் 300 டாலர் குறைவு என்று வாங்கினேன். மே மாதம் டெக் பெல்ட் சுழற்றும் கப்பி உடைந்தது. உத்தரவாதம் இருந்தும் வண்டி ஐந்து வாரம் வீடு திரும்பவில்லை. மே, ஜூனில் ஐந்து வாரம் வெட்டாவிட்டால் புல் எப்படி நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த வண்டியைப் பட்டறை வைத்திருக்கும் டீலரிடம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து எடுத்துப் போகிறார்கள்.

முடிவாகக் கேட்டால்: சரிவு 10 டிகிரிக்குள், கதவும் அகலமாக இருந்தால் 48 அல்லது 50 அங்குலம், வெல்டிங் டெக். டோரோ டைம்கட்டர், கப் காடெட் அல்டிமா, ஹஸ்லர் ராப்டர் எல்லாவற்றிலும் ஏறத்தாழ இந்த அளவு உண்டு. கதவு 48 அங்குலம் என்றால் 42, ஆனால் அதிலும் வெல்டிங் டெக் உள்ளதாக. உங்கள் கணவரிடம் அந்த 12 நிமிடக் கணக்கைக் காட்டுங்கள். 54க்கு ஆகும் கூடுதல் பணத்தை, டிரான்ஸ்மிஷன் நல்லதாக உள்ள 48இல் போடச் சொல்லுங்கள். ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் கம்பி வளைவு) உள்ள வண்டியானால் அதை நிமிர்த்தி வைத்து சீட் பெல்ட் போட்டு ஓட்ட வேண்டும். ரோல் பார் மடங்கியிருக்கும்போது பெல்ட் போடக் கூடாது.

பிள்ளைகள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மடியில் வைத்து ஒரு சுற்று, போட்டோவுக்காக ஒரு நிமிடம், எதுவும் வேண்டாம். ஒரு தடவை ஏற்றினால், அடுத்த தடவை சத்தம் கேட்டதும் பிள்ளை வண்டியைப் பார்த்து ஓடி வரும். ஓட்டுபவர் பின்னால் எடுப்பது அந்த நேரமாக இருக்கும். இந்த நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம் உட்கார்ந்து ஓட்டும் புல் வெட்டும் வண்டிக்கு 16 வயது ஆகட்டும் என்கிறது. புல் வெட்டும் நேரம் இரண்டு பிள்ளைகளும் வீட்டுக்குள், பெரியவர் ஒருவர் கூடவே.

கேள்வி: சார், டல்லஸ் பக்கம் முக்கால் ஏக்கர், சமதளம். பேட்டரி ஜீரோ டர்ன் நம்பலாமா?

பதில்: உங்கள் மனைக்கு நம்பலாம், தம்பி. ஈகோ 42 அங்குல வண்டி 56 வோல்ட், ஆறு பேட்டரி வரை போடலாம். கூட வரும் நான்கு பேட்டரியில் 2 ஏக்கர் வெட்டும் என்று கம்பெனி சொல்கிறது. அடர்ந்த புல்லிலும் ஈரத்திலும் அதில் ஒரு பகுதி குறையும் என்று வைத்தாலும் முக்கால் ஏக்கருக்குப் போதும். அதே பேட்டரி அவர்களுடைய இலை ஊதிக்கும் ஓர வெட்டிக்கும் பொருந்துவது உபரி லாபம். பெட்ரோல் கெட்டுப்போய் கார்புரேட்டர் அடைப்பது, பெல்ட், எண்ணெய் என்ற தொல்லை இல்லை. டெக்சஸ் ஜூலையில் பேட்டரியை வெயில் ஏறும் ஷெட்டில் வைக்காமல் வீட்டோடு ஒட்டிய கராஜில் வையுங்கள். வெட்டி முடித்த சூட்டோடு சார்ஜரில் மாட்ட வேண்டாம், ஆறட்டும்.

கேள்வி: மகன் வீட்டுக்கு ஒஹாயோ வந்திருக்கிறேன். வயது 68. ஊரில் முப்பது வருடம் டிராக்டர் ஓட்டியவன். இங்கே ஜீரோ டர்னைத் தொடவே மகன் விட மாட்டேன் என்கிறான். நான் ஓட்டக் கூடாதா?

பதில்: ஐயா, டிராக்டர் ஓட்டிய கை என்பதால்தான் மகன் பயப்படுகிறார், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆபத்து என்றால் உங்கள் கால் பிரேக்கைத் தேடும். பெரும்பாலான ஜீரோ டர்னில் மிதிக்க ஒன்றும் இருக்காது, லீவரை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பழக்கம் கைக்கு வர நாள் ஆகும். மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: முதல் மூன்று நாள் பிளேடை ஓட விடாமல், கார் நிறுத்தும் சமதளத்தில், பாதி வேகத்தில் அரை மணி நேரம். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழற்றாமல், கொஞ்சம் பின்னால் வந்து மறுபடி முன்னால் எடுங்கள். இல்லாவிட்டால் உள்பக்கச் சக்கரம் புல்லை வேரோடு திருகி எடுத்துவிடும், மகனுக்கு அடுத்த காரணம் கிடைத்துவிடும். நாலாம் நாள் வீட்டு முன்புறம் மட்டும். வேட்டி வேண்டாம், பேண்ட்டும் மூடின காலணியும் போடுங்கள், காதுக்கு மஃப் கண்டிப்பாக. உங்கள் பயணக் காப்பீட்டில் இதற்கு இடமிருக்கிறதா என்று மகன் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். கோடு நேராக வர, பக்கத்தில் பார்க்காமல் எதிர்முனையில் ஒரு மரத்தைக் குறிவைத்து ஓட்டுங்கள். டிராக்டரில் உழவு ஓட்டியவருக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை.