தாழ்த்தி, அகல வீல் போட்ட காரில் காயில்ஓவர் மாட்டினால் டயர் உரசுமா?

உரசலாம். நீங்கள் பயப்படும் ஃபெண்டர் பக்கம் மட்டுமில்லை, கண்ணில் படாத உள்பக்கத்திலும். நீங்களும் என்னைப் போல முதலில் ஸ்பிரிங் மட்டும் மாற்றித் தாழ்த்தி, அப்புறம் வீல் போட்டு, இப்போது குலுக்கல் தாங்காமல் காயில்ஓவர், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்ஸும் ஒன்றாகச் சேர்ந்து உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற முழு செட், தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

என்னுடையது போலோ. கம்பெனி வீல் 6 அங்குல அகலம், ஆஃப்செட் 40 (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. வெளியே இருக்கிறது என்ற கணக்கு; இது குறைந்தால் வீல் வெளியே தள்ளி நிற்கும்). நான் போட்டது 7.5 அங்குலம், ஆஃப்செட் 35. அகலம் 38 மி.மீ. கூடியது, பக்கத்துக்கு 19. ஆஃப்செட் 5 குறைந்ததால் வெளியே 24, உள்ளே 14. அந்த 14-ஐ நான் நினைத்தே பார்க்கவில்லை. காயில்ஓவரில் உயரத்தைக் குறைக்கக் குறைக்க, ஸ்பிரிங் உட்காரும் தட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் லாக் ரிங்கும் டயரின் பக்கச் சுவருக்கு நேராக இறங்கி வரும். விற்றவர் "எங்கேயும் படாது தம்பி" என்றார். ஃபெண்டரில் விரல் விட்டுப் பார்த்து நானும் நம்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து வால்பாறை போய் வந்தேன். வளைவுகளில் லேசாக 'சர்ர்' என்றது. மறுநாள் அலைன்மென்ட் கடையில் வீலைக் கழற்றினால், டயரின் உள்சுவரில் சுற்றிலும் பள்ளம், உள்ளே நூல் தெரிகிறது. 40 கொண்டை ஊசி வளைவுகளையும் அந்த டயரில்தான் இறங்கியிருக்கிறேன். இன்று நினைத்தாலும் கை நடுங்குகிறது.

முன்பக்கம் ஷாக்ஸும் வீலும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் டயரின் உள்சுவருக்கும் ஸ்பிரிங் தட்டுக்கும் உள்ள இடைவெளியை வண்டி நிற்கும்போதே அளந்துவிடலாம். எனக்கு 2 மி.மீ. இருந்தது. வளைவில் டயர் நெளியும்போது அது போதாது. வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் 5 மி.மீ. ஸ்பேசர் தட்டும் அதே அளவு நீளம் கூடிய போல்ட்டும் போட்டுச் சரிசெய்தேன். பழைய போல்ட்டையே போட்டால் மரை பிடிப்பு குறையும், அதை மட்டும் செய்யாதீர்கள். வெளிப்பக்கத்துக்கு வேறு சோதனை: ஸ்பிரிங் இல்லாமல் ஷாக்ஸை மாட்டி, ஜாக்கியால் வீலை பம்ப் ஸ்டாப் (ஷாக்ஸ் மேலும் அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) தொடும் வரை தூக்கி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். அரை நாள் வேலை. பட்டறையில் முணுமுணுப்பார்கள், விடாதீர்கள். மாட்டியதும் அலைன்மென்ட், 500 கி.மீ. ஓடி ஸ்பிரிங் படிந்ததும் இன்னொரு தடவை. டோ, அதாவது வீல்கள் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், தப்பினால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் மொட்டையாகிவிடும்.

'நம்ம ரோட்டுக்கு இதெல்லாம் எதுக்கு' என்பவர்களுக்கு: நான் ஸ்பிரிங்கை கிரைண்டரில் அறுத்தவன் இல்லை, சைலன்சரைப் பிடுங்கி ஊரை எழுப்புகிறவனும் இல்லை. திருப்பத்தில் வண்டி சாயாமல் நிற்பது பிடிக்கும், அவ்வளவுதான். ரோட்டைப் பற்றிப் பேசுவதானால் வேகத்தடையைப் பேசுங்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி 10 செ.மீ. உயரத்துக்கு, வண்டி ஓடும் திசையில் 3.7 மீட்டர் அகலம் வேண்டும். எங்கள் தெருவில் இருக்கும் மூன்றும் ஓர் அடி அகலம்கூட இல்லை, சுவர் மாதிரி நிற்கின்றன, பெயின்ட்டும் கிடையாது. என் காரை விடுங்கள், இரவில் பைக்கில் வருகிறவர் என்ன செய்வார்? இரண்டு முறை மனு கொடுத்தேன், பதில் இல்லை.

உங்கள் வீலின் அகலமும் ஆஃப்செட்டும் கேள்வியில் இல்லை. வீலின் உள்பக்கம் பொறித்திருக்கும், பார்த்து எழுதுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.