எபிஜெனெடிக்ஸ் படித்தால் வேலை உண்டா? தேன்பெட்டி வைத்திருக்கும் ஒரு அப்பாவுக்கு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

போன சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் வந்தீர்கள். அவள் பேசியது கொஞ்சம், நீங்கள் பேசியதுதான் அதிகம். மார்த்தாண்டம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பாதியில் எழுந்தும் விட்டீர்கள். கேட்டது இரண்டு கேள்வி: "எபிஜெனெடிக்ஸ்னா என்ன சார்? அதைப் படிச்சா வேலை உண்டா?" முதல் கேள்விக்கான பதிலில் பாதி உங்களுக்கே தெரியும். உங்கள் தேன்பெட்டிக்குள் இருக்கிறது.

சீசனுக்கு முன்னால் தேனீக் கூட்டம் பிரிப்பீர்கள் அல்லவா? ராணி இல்லாத பெட்டியில் முட்டையும் இளம்புழுவும் உள்ள ஓர் அடையை வைத்துவிட்டு வந்துவிடுவீர்கள். வேலைக்காரத் தேனீக்கள் தாமாகவே நிலக்கடலை போல ராணி அறையைக் கட்டித் தொங்கவிடும். அதற்குள் கிடப்பது தனிச்சாதிப் புழு ஒன்றும் இல்லை. சாதாரண அறையில் விட்டிருந்தால் வேலைக்காரத் தேனீயாக வந்திருக்கும். எல்லாப் புழுக்களுக்கும் முதல் சில நாள், வேலைக்காரத் தேனீக்கள் சுரக்கும் பால் மாதிரியான ராயல் ஜெல்லி ஊட்டப்படும். அப்புறம் மற்றவற்றுக்குத் தேனும் மகரந்தமும். ராணியாக வேண்டியதற்கு மட்டும் கடைசிவரை ராயல் ஜெல்லி. ஒன்று சில வாரம் உழைத்துச் சாகிறது. இன்னொன்று வருடக்கணக்கில் இருந்து முட்டையிடுகிறது. இரண்டுக்கும் ஒரே மரபணுக்கள்தான்.

சாப்பாடு எப்படி இதைச் செய்கிறது? எந்த ஜீன், அதாவது மரபணு, பேச வேண்டும், எது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்கு டிஎன்ஏ மேல் சில அடையாளங்கள் ஒட்டப்படுகின்றன. அதில் முக்கியமானது மெத்தில்: ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சின்னத் துணுக்கு. 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்த மெத்திலை ஒட்டும் நொதி ஒன்றைத் தேனீப் புழுக்களில் அடக்கிப் பார்த்தார்கள். சாப்பாட்டை மாற்றாமலே பெரும்பாலானவை ராணியின் சாயலில் வளர்ந்தன. டிஎன்ஏவின் எழுத்து மாறாமல் அதை வாசிக்கும் விதம் மாறுவது, அதுதான் எபிஜெனெடிக்ஸ். 1942-ல் வாடிங்டன் என்ற ஆங்கிலேயர் வைத்த பெயர்.

நம் உடம்பிலும் இதே கதைதான். ஒரே கருமுட்டையிலிருந்து கிளம்பிய செல்களில் ஒன்று கல்லீரலாகிறது, ஒன்று கண்ணாகிறது. கல்லீரலில் கண்ணின் ஜீன்கள் இல்லாமல் இல்லை, அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. நோய்ப் பக்கம் வந்தால், சில புற்றுநோய்களில் செல் பெருகுவதைத் தடுக்கும் ஜீன்களே மெத்தில் ஏறி ஊமையாகிவிடுகின்றன. அந்த மெத்திலைக் குறைக்கும் அசாசிட்டிடின் என்ற மருந்துக்கு, எலும்பு மஜ்ஜைக் கோளாறு ஒன்றுக்காக, 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறழ்ந்த எழுத்தைத் திருத்துவது கஷ்டம், ஒட்டிய துணுக்கை எடுக்கலாம் என்பதால்தான் மருந்து ஆராய்ச்சியில் இதற்கு இத்தனை மவுசு.

இனி, மதினி மறுநாள் போனில் கேட்டது. "இவள் வயித்தில இருந்தப்போ மூணு மாசம் ஒண்ணுமே சாப்பிட முடியல சார். இவளுக்குத் தைராய்டு வந்தது அதனாலதானா?" மகள் எதையோ வாசித்துக் காட்டியிருக்கிறாள். அது ஹாலந்துப் பஞ்சம் பற்றியது என்று நினைக்கிறேன். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவு வரத்தை அடைத்ததால் அங்கே பெரும் பட்டினி. அப்போது கருத்தரித்துப் பிறந்தவர்களை அறுபது வருடம் கழித்துச் சோதித்தபோது, வளர்ச்சியோடு தொடர்புள்ள ஐஜிஎஃப்2 என்ற ஜீனில், அவர்களுடைய சொந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கையைவிட மெத்தில் குறைவாக இருந்தது. முக்கியமான ஆய்வுதான். ஆனால் அது ஒரு கூட்டத்தின் சராசரி. ஊரே பட்டினி கிடந்த கதையை எடுத்து ஒரு தாயின் மசக்கை வாந்தி மேல் பழி போட யாராலும் முடியாது. இந்த அறிவியலை அரைகுறையாக வாசித்தால் முதலில் அகப்படுவது அம்மாக்கள்தான். எனக்கு இதில் கோபமே உண்டு. மதினியிடம் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

பிஎஸ்சி எபிஜெனெடிக்ஸ் என்று தேடாதீர்கள். இது பட்டப்படிப்புக்குப் பிறகு, ஆராய்ச்சியில் போய்ச் சேரும் இடம். புதுப்பெயர் போட்ட பட்டத்தோடு நோட்டீஸ் கொடுப்பவர்களிடம் ஜாக்கிரதை. பல வருடம் முன்பு ஒரு பையனை அப்படிப்பட்ட கோர்சுக்கு நானே அனுப்பிவைத்தேன். அரசு வேலைக்கு விண்ணப்பித்தபோது 'இது எதற்கு இணையான பட்டம்' என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். அவன் அம்மாவை வடசேரி சந்தையில் பார்த்தால் இன்றும் எனக்குக் கூசும்.

உங்கள் மகள் பயோ-மேத்ஸ் குரூப். நீட் கோச்சிங்குக்காகக் கணக்கைக் கைவிட்டுவிட்டேன் என்றாள். அதுதான் எனக்கு ஒரே கவலை. விதுரையில் இருக்கும் திருவனந்தபுரம் ஐசரில், அதாவது மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில், ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ் பட்டப்படிப்பு உண்டு. அதற்கான ஐஏடி நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் நான்கிலும் தலா 15 கேள்வி, தப்பான பதிலுக்கு மார்க் குறையும். கணக்கை விட்டால் கால்வாசியை விட்ட மாதிரி. அது போக, இந்தத் துறையில் டிஎன்ஏவின் லட்சக்கணக்கான இடங்களில் மெத்திலை எண்ணிப் பார்க்கும் வேலைக்குப் புள்ளியியலும் கொஞ்சம் புரோகிராமிங்கும் இல்லாமல் முடியாது.

ஐசர் கிடைக்காவிட்டால் குடி முழுகாது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலோ ஹோலி கிராஸிலோ விலங்கியல் மாதிரி ஓர் அடிப்படைப் பாடம் எடுக்கட்டும். அப்புறம் ஜாம் அல்லது கேட்-பி என்ற நுழைவுத் தேர்வை எழுதி நல்ல இடத்தில் எம்எஸ்சி, பிறகு சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000, வாடகைப்படி தனி. அதாவது பிஎச்டிக்கு நீங்கள் செலவழிக்க வேண்டாம், அவள் கையில் சம்பளம் மாதிரி வரும். ஆனால் ஐந்தாறு வருடம் ஆகும். முடிக்கும்போது முப்பதை ஒட்டியிருப்பாள். கல்யாணப் பேச்சு எழும், தெரியும். அதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள், நடுவில் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

வேலை எங்கே? கல்லூரிப் பேராசிரியர், ஆராய்ச்சி நிறுவனம், நோயறியும் லேப்கள், பெங்களூரு, ஹைதராபாத்தில் ஜீனோம் கம்பெனிகள். டாக்டர் வேலை மாதிரி நிச்சயமானதல்ல. படிப்பை நடுவில் விடுபவர்கள் நிறைய. மகளுக்கு எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் இருப்பதாகத் தெரிந்தது. எத்தனை பெட்டி என்று நான் கேட்டபோது நீங்கள் "ஒரு நாப்பது" என்றீர்கள், அவள் "முப்பத்தேழு, அதுல ரெண்டு காலி" என்றாள். அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நடுவில் யாராவது கைரேகை பார்த்து, டிஎன்ஏ பார்த்து, பிள்ளைக்கு ஏற்ற படிப்பைச் சொல்கிறோம் என்று பணம் கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

குழித்துறையில் ரயில் ஏறினால் திருவனந்தபுரம் தூரமில்லை. நம்மூர்க்காரர்களுக்கு அங்குள்ள ஆர்சிசி புற்றுநோய் ஆஸ்பத்திரி என்றால் நோயாளியோடு போய்க் காத்துக் கிடக்கும் இடம். அதே ஊரில்தான் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையமும் இருக்கிறது. முன்கூட்டி மெயில் போட்டு அனுமதி கேட்டு, அவளை ஒருநாள் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

அடுத்த தடவை கூட்டம் பிரிக்கும்போது அவளைப் பக்கத்தில் நிறுத்துங்கள். எந்த நாள் ராணி அறை கட்டியது, எத்தனை கட்டியது, எந்த நாள் ராணி வெளியே வந்தது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தேன் வேண்டாம், போன தடவை தந்த பாட்டிலே இன்னும் தீரவில்லை.