நாய்களோடு ஆர்.வி. பயணம்

டல்லாஸ் வாசகி: டிசம்பரில் எங்கள் இரண்டு நாய்களோடு ஆர்.வி.யில் (படுக்கை, சமையலறையெல்லாம் உள்ள வீட்டு வண்டி) கலிஃபோர்னியா வரை போகிறோம். வழியில் கரண்டு, தண்ணீர் இணைப்பு இல்லாத இடங்களில் தங்கலாமா?

பதில்: தாராளமாக. நியூ மெக்சிகோ, அரிசோனாவில் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தமான பொது நிலங்களில், பெரும்பாலும் காசில்லாமல் 14 நாள் வரை தங்கலாம், அப்புறம் இடம் மாறவேண்டும். தண்ணீரை நீங்கள்தான் சுமக்கவேண்டும், நாய்களுக்கும் சேர்த்து. கழிவை மண்ணில் திறந்துவிடாதீர்கள், அதற்கென்று இருக்கும் இடங்களில்தான் கொட்டவேண்டும்.

நாய்களை ஏசி போட்டு உள்ளே பூட்டிவிட்டு ஊர் சுற்றலாம் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். ஜெனரேட்டர் நின்றுபோனால், வெயில் நாளில் வண்டி கொஞ்ச நேரத்தில் அடுப்பாகிவிடும். தேசியப் பூங்காக்களில் பெரும்பாலான நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி இல்லை. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் 6 அடிக்கு மிகாத கயிற்றில் கட்டிக் கூட்டிப்போகலாம், பள்ளத்தாக்குக்குள் இறங்க முடியாது.

ராத்திரி வெளியே கட்டிப்போடாதீர்கள், கொயோட்டி என்ற ஓநாய் மாதிரி காட்டு விலங்கு வரும். ஒரு சீப்பும் எடுத்துவையுங்கள், அலங்காரத்துக்கு இல்லை: சோய்யா (cholla) என்றொரு முள்கள்ளி, லேசாக உரசினாலே நாய் மேல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும், கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும், சீப்பை அடியில் கொடுத்துத் தட்டிவிட்டால் வந்துவிடும்.